ஹார்டி கிராஸும் ஆசிரியருக்கான லாம் பதக்கமும்

பொறியியல் உலகில் அணைக்கும் பாலத்துக்கும் கிடைத்த பாராட்டு வகுப்பறைக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் பொறியியல் கல்விக்கான சங்கம் 1893இல் தோன்றியபோதும், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் பெஞ்சமின் லாம் தம் உயிலில் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு, சிறந்த ஆசிரியர்களுக்கான லாம் பதக்கத்தை அது வழங்கத் தொடங்கியது 1928இல்தான். முதல் பதக்கம் குடிசார் பொறியியல் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்வெய்னுக்குச் சென்றது.

1944இல் அதைப் பெற்ற ஹார்டி கிராஸின் பணி தனித்து நோக்கத்தக்கது. தூண்களும் உத்திரங்களும் ஒன்றாக இறுகிய கான்கிரீட் சட்டகத்தில், ஓர் உறுப்பை வளைக்க முயலும் விசையின் அளவான திருப்புத்திறனைக் கணக்கிட, அக்காலப் பொறியாளர்கள் பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்க வேண்டியிருந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த கிராஸ், 1930இல் பத்தே பக்கக் கட்டுரையில் வேறு வழி காட்டினார்: எல்லா இணைப்புகளையும் அசையாதபடி பூட்டியதாகக் கொண்டு, ஒவ்வொன்றாக விடுவித்து, அங்கு எஞ்சும் திருப்புத்திறனை உறுப்புகளின் விறைப்புக்கேற்பப் பகிர்ந்து, அதில் பாதியை மறுமுனைக்குக் கடத்தி, மிச்சம் புறக்கணிக்கத்தக்கதாகும்வரை இதையே திரும்பச் செய்தால் போதும். கூட்டலும் பெருக்கலும் அறிந்த மாணவர் கட்டடத்தின் நடத்தையைத் தாளிலேயே படிப்படியாகக் காண முடிந்ததால், இது கணக்கு முறை மட்டுமன்று, கற்பித்தலின் அரிய சாதனையுமாகும். கட்டுரைக்கு 1933இல் நார்மன் பதக்கம் கிடைத்தது. கணினிகள் பரவும்வரை வடிவமைப்பு அலுவலகங்கள் இம்முறையையே பெரிதும் நம்பியிருந்தன.