பன்னிரண்டு பேர் தீர்ப்பு

1665. செஞ்சிக்கோட்டை பீஜப்பூர் சுல்தானின் வசம் இருந்த காலம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற பெண்மீது வழக்கு. இங்கிலாந்து வழக்கப்படி பன்னிரண்டு பேர் ஜூரியாக உட்கார்ந்தார்கள்: ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்த்துக்கீசியர். குற்றவாளி அல்ல என்றார்கள். இந்தியாவில் ஜூரி பிறந்தது இந்த வழக்கில்தான். செத்துப்போன பிள்ளைக்காக யோசிக்க அந்தப் பன்னிருவரில் இந்த மண்ணின் ஆள் ஒருவரும் இல்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

1761-இல் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஜூரி கூடவே வரவில்லை. 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றத்துக்கு ஜூரி என்பதை மாகாண அரசின் விருப்பத்துக்கு விட்டது. கொடுத்த கையே பறிக்கவும் செய்தது. 1892-இல் வங்காள அரசு கொலை வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே பின்வாங்கியது. வெள்ளைக்காரருக்கோ 1884 முதல், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அமர்ந்த ஜூரியை வெளியூர்க் கோர்ட்டிலும் கேட்டு வாங்கும் உரிமை இருந்தது. செஞ்சிக் குடியானவருக்கு அது அரசாணை தரும் சலுகை, துரைக்கு உரிமை.

எண்ணிக்கையும் தேய்ந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹைகோர்ட்டில் ஒன்பது பேர் போதும். அவர்களில் ஆறு பேர் ஒத்துப்போய், நீதிபதியும் ஏற்றால் தண்டனைதான். அந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்றது ஜூரி. ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். இருவருக்கும் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் தலையிட்டு, 1947-இல் மேல்முறையீடு மறுபடி விசாரிக்கப்பட்டபோதுதான் விடுதலை. அதே 1945-இல் இங்கிலாந்தில் கொலை வழக்கு என்றால், பன்னிருவரும் ஒரே முடிவுக்கு வராமல் யாரையும் தண்டிக்க முடியாது. அங்கே அந்த மூன்று பேர் போதும், இருவரையும் சிறைக்கு அனுப்பாமல் தடுக்க. ஆட்சி ஒன்று, நீதிக்கு இரண்டு அளவு!

பன்னிரண்டா, குறைவா என்ற வாதம் அமெரிக்காவிலும் ஓயவில்லை. ஆறு பேர் போதும் என்று 1970-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது; சில மாநிலங்கள் இன்றும் பன்னிரண்டுக்குக் குறைவான ஜூரியோடு கடுங்குற்றங்களை விசாரிக்கின்றன.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே தரப்படவில்லை. 1958-இல் சட்ட ஆணையம் அதை ஒழிக்கச் சொன்னது. மறு ஆண்டு பம்பாயில் கொலை வழக்கில் சிக்கிய கடற்படை அதிகாரி நானாவதியைக் குற்றமற்றவர் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி சொல்ல, ஹைகோர்ட் அதை மாற்றியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜூரியே கிடையாது. ஒழித்ததைவிட, உரிமை என்று ஒருநாளும் எழுதாமல் விட்டதே பெரிய இழப்பு. இன்று செஞ்சிக்காரர் ஒருவர்மீது கொலை வழக்கு வந்தால் செஷன்ஸ் நீதிபதி ஒருவரே தீர்ப்புச் சொல்கிறார். கடல் தாண்டி இலங்கையில், சில கடுங்குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் ஏழு பேர் ஜூரி இன்னும் உண்டு.