லூசியானா ஐரிசும் வடிந்துபோன சதுப்பும்

மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் அதன் வடக்கே உள்ள பான்சர்ட்ரெயின் ஏரிக்கும் இடைப்பட்ட தாழ்நிலம், இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை பெரும்பாலும் சைப்ரஸ் மரங்கள் நின்ற சதுப்பாகவே கிடந்தது. இன்று லூசியானா ஐரிஸ் என்று ஒரே பெயரில் வழங்கும் பூச்செடிகள் அதன் விளிம்புகளில் தாமாக வளர்ந்தன. அவற்றின் இனங்களுள் ஆளுயரம் எட்டும் நீலநிற ஜைகாண்டிசெருலியா தேங்கிய நன்னீரிலும், செம்புநிற ஃபுல்வா நிழல்படிந்த ஓடைக்கரைகளிலும், குட்டையான பிரெவிகாலிஸ் சற்று மேடான ஈரநிலத்திலும் வேரூன்றின.

இவற்றின் ஆண்டுச் சுழற்சி பல பூச்செடிகளுக்கு நேர்மாறானது. இலையுதிர்காலத்தில் துளிர்த்து, குளிர்காலம் முழுவதும் பச்சையாக வளர்ந்து, மார்ச், ஏப்ரலில் பூத்து முடிந்தபின், வெயில் ஏறி நீர் வற்றும்போது இலைகள் மஞ்சளடித்துச் சாய்கின்றன. சேற்றின் மேற்பரப்பை ஒட்டி இஞ்சியைப் போலக் கிடையாகப் படரும் மட்டநிலத்தண்டு மட்டும் உணவைச் சேமித்துக்கொண்டு உயிரோடிருக்கிறது. இதுவே கோடை உறக்கம். இதைக் கண்டு வறட்சியை விரும்பும் செடி என்று கருதுவது பிழை. கோடையிலும் ஈரம் நீடித்தால் அது ஓரளவு பச்சையாகவே நிற்கும். இலையுதிர்காலம் முதல் பூக்கும் காலம்வரை நீர் குறைவதைத்தான் அது தாங்குவதில்லை.

1925-இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே ரயிலில் சென்ற நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஜான் கங்கெல் ஸ்மால், இப்பூக்களின் நிறப்பெருக்கத்தைக் கண்டு வியந்து, பின்வந்த ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்களாக அவற்றை விவரித்தார். லூசியானாவின் இயற்கையியலாளர் பெர்சி வயோஸ்கா 1935-இல் இதை மறுத்து, உண்மை இனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே, ஏனையவை அவற்றின் கலப்பினங்கள் என்று நிறுவினார். நீரின் ஆழமும் நிழலும் பிரித்து வைத்திருந்த இனங்கள், மனிதர் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் ஒன்றோடொன்று கலந்தன என்ற அவருடைய விளக்கம் வகைப்பாட்டைவிட ஆழமானது. அந்த வண்ணங்களில் ஒரு பகுதி நிலம் குலைந்ததன் அடையாளமே என்பதை அது காட்டிவிட்டது.

அக்குலைவு அத்துடன் நிற்கவில்லை. பொறியாளர் ஆல்பர்ட் பால்ட்வின் வுட் 1913-இல் வடிவமைத்த திருகு பம்புகள் மழைநீரை ஆண்டு முழுவதும் வெளியேற்ற, வற்றிய சதுப்பின்மேல் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. கோடையின் வறட்சியைப் பொறுக்கத் தெரிந்த செடி, குளிர்கால நீரையும் தன் நிலத்தையும் ஒருங்கே இழந்தது. அழியவிருந்த செடிகளை ஆர்வலர்கள் தோண்டியெடுத்துத் தோட்டங்களில் காத்தனர். அவர்களுள் மேரி ஸ்வோர்ட்ஸ் டிபேயோன், கேரலைன் டார்மன் ஆகியோரின் தொண்டு மறக்கத்தக்கதன்று. 1941-இல் லாஃபயட் நகரில் இச்செடிகளுக்கென ஒரு சங்கமும் தோன்றியது. தோட்டத்தில் வளர்ப்போருக்குப் பூவின் நிறம் தெரிவது வசந்தத்தில் என்றாலும், மட்டநிலத்தண்டைப் பிரித்து நட ஏற்ற காலம் உறக்கம் கலையவிருக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே; அதுவரை வெயிலில் வெந்துபோகாதபடி அதன்மேல் இலைச்சருகையோ பைன் ஊசிகளையோ மூடாக்காகப் பரப்பும் வழக்கம் லூசியானாத் தோட்டங்களில் இன்றும் தொடர்கிறது.