லா கூஓகோஆ

லா கூஓகோஆ, ஹவாய்த் தீவு மக்கள் ஆண்டுதோறும் நவம்பர் 28 அன்று கொண்டாடும் விடுதலை நாள். மன்னரும் சட்டமன்றமும் 1840 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பும் கொண்டிருந்த ஹவாய் முடியரசை, பிரிட்டனும் பிரான்சும் 1843இல் சுதந்திர நாடாக ஏற்றதை இந்நாள் நினைவுகூர்கிறது.

அந்த ஏற்பு தானாக வந்துவிடவில்லை. 1839இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று ஹொனலூலுவைத் தாக்கப்போவதாக மிரட்டி 20,000 டாலர் பிணைத்தொகை பெற்றுச் சென்றது. 1842இல் பசிபிக் தீவான டஹீட்டி பிரான்சின் பிடிக்குள் போனது. பீரங்கிகளால் வெல்ல முடியாத வல்லரசுகளை அவை மதிக்கும் சர்வதேசச் சட்டத்தைக் கொண்டே கட்டுப்படுத்த முனைந்தார் மன்னர் மூன்றாம் கமேஹமேஹா. 1842இல் திமோதியோ ஹாஅலிலியோ, வில்லியம் ரிச்சர்ட்ஸ், சர் ஜார்ஜ் சிம்ப்சன் ஆகிய மூவரைத் தூதர்களாக நியமித்தார். இவர்களில் ஹாஅலிலியோ மட்டுமே ஹவாய் மண்ணின் மைந்தர்.

தூதர்கள் ஐரோப்பாவில் இருந்தபோதே, 1843 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜார்ஜ் பாலெட் மிரட்டித் தீவுகளைக் கைப்பற்றினார். ஐந்து மாதங்களுக்குப் பின், ஜூலை 31 அன்று, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் தாமஸ் ஆட்சியை மன்னரிடமே திருப்பித் தந்தார். அந்த நாளும் ஹவாயில் தனியாகக் கொண்டாடப்படுகிறது.

நவம்பர் 28 அன்று லண்டனில் கையெழுத்தான கூட்டு அறிக்கையில், தீவுகளை நேரடியாகவோ பாதுகாப்பு என்ற பெயரிலோ கைக்கொள்வதில்லை என்று பிரிட்டனும் பிரான்சும் உறுதியளித்தன. பெரும் படையில்லாத ஒரு சிறு நாடு பேச்சுவார்த்தையால் பெற்ற அரிய வெற்றி இது. அதற்காக உலகின் பாதியைக் கடந்து சென்ற ஹாஅலிலியோ, ஊர் திரும்பும் வழியில் 1844 டிசம்பர் 3 அன்று கப்பலிலேயே இறந்தார். ஹவாய் மக்கள் இந்நாளில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையதே.

முடியரசுக் காலத்தில் இந்நாள் தேசிய விடுமுறை. 1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கியிருந்த நிலையில், அரசி லிலியுஓகலானி பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார். புதிய ஆட்சியாளர்களுக்கு இந்த விடுதலை நாள் உறுத்தியது. 1895இல் நவம்பர் 28ஐ அமெரிக்க நன்றி நவிலும் நாளாக மட்டுமே அனுசரிக்கச் செய்தார்கள். அமெரிக்காவுடனான இணைப்பை எதிர்த்து 1897இல் 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டும், 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமானது.

அரசியைக் கவிழ்த்ததில் தன் நாட்டுக்கு இருந்த பங்குக்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1993இல் மன்னிப்புக் கோரியது. நவம்பர் 28ஐ லா கூஓகோஆ நாளாக ஹவாய் மாநிலம் சட்டப்படி ஏற்றது 2023இல்தான். அரசு விடுமுறை இன்னும் கிடைக்கவில்லை.