பிரேக் பைப்பும் ஒரு பங்கு நிக்கலும்

நண்பரின் மாரிஸ் மைனருக்கு பிரேக் பைப் மாற்ற வேண்டியிருந்தது. "ஃப்ரிட்ஜுக்குப் போடற காப்பர் டியூப் இருக்கு சார், வளைக்க ஈஸி, துருவும் பிடிக்காது" என்றார் மெக்கானிக். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பலை. சரி, இந்தப் பைப்போட வரலாறுதான் என்னன்னு தேட ஆரம்பித்தேன்.

நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்து முதலில் விற்பனைக்கு வந்த கார் 1921-இன் டூசன்பர்க் மாடல் ஏ. அதன் பின்னால் இருந்தவர் மால்கம் லாக்ஹீட், விமானம் கட்டிய அதே சகோதரர்களில் ஒருவர். 1924-இல் கிரைஸ்லர் இதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. ஃபோர்டு மட்டும் 1939 மாடல் வரை கம்பியையும் கேபிளையும் விடவில்லை.

அந்தக் காலக் கார்களில் செம்புக் குழாயும் ஓடியிருக்கிறது. செம்பு துரு பிடிக்காது, உண்மைதான். ஆனால் ஒரு செம்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், முதலில் விறைக்கும், அப்புறம் ஒடியும். காரின் அதிர்வு இதையே வருஷக்கணக்கில் மெதுவாகச் செய்கிறது. அழுத்தி பிரேக் அடித்தால் உள்ளே சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு அழுத்தம் சாதாரணம்.

அதனால் கம்பெனிகள் எஃகுக்குப் போயின. இதில் ஒரு வேடிக்கை: பண்டி குழாய் என்பது செம்பு முலாம் பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்று சுருட்டி, சூளையில் அந்தச் செம்பையே உருக்கி ஒட்டியது. பலமானது. ஆனால் வெளியே உப்பும் சேறும் அரிக்கும். உள்ளே இருக்கிற பிரேக் ஆயிலோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் உள்ளேயும் துரு.

மைனரில் இது விளையாட்டில்லை. அது ஒற்றை சர்க்யூட் வண்டி. எங்கேயாவது ஒரு ஊசித்துளை விழுந்தால் நாலு சக்கரமும் போச்சு, மிச்சம் ஹேண்ட்பிரேக்தான். அமெரிக்கா 1968-இல் இரட்டை சர்க்யூட்டைக் கட்டாயமாக்கியதும் இந்தப் பயத்தால்தான்.

ஸ்டெயின்லெஸ் போட்டால் என்ன? கெட்டி அதிகம். முனையை மடித்து ஃப்ளேர் பண்ணும்போது விரிசல் விடலாம், இருக்கையில் சரியாக உட்காராமல் கசியும். கராஜில் செய்கிற வேலைக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

விடை கப்பலிலிருந்து வந்தது. கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்பட்ட குப்ரோநிக்கல்: பத்தில் ஒன்பது பங்கு செம்பு, சுமார் ஒரு பங்கு நிக்கல், துளி இரும்பு. (நம்ம பழைய தடித்த அஞ்சு ரூபாய் நாணயமும் இதே குடும்பம்தான், நிக்கல் இன்னும் கூட.) ரோட்டில் உப்புத் தூவும் நாட்டுக்காரர்களான வால்வோ 1970-களிலேயே இதற்கு மாறிவிட்டார்கள். கையால் வளையும், ஃப்ளேர் சுத்தமாக வரும், அதிர்வைச் செம்பைவிட நன்றாகத் தாங்கும்.

விலை கூடத்தான். ஒரிஜினல் எஃகுதான் வேணும்னு நண்பர் கொஞ்சம் முறுக்கினார். வண்டிக்கு அடியில் படுத்து யார் பார்க்கப் போறாங்கன்னு கேட்டேன். 3/16 அங்குலச் சுருள் வந்து சேர்ந்ததும் மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் காப்பர்தானே சார்?"