மங்கு சுட்ட கைகள்

ரப்பரின் வரலாறு நமக்கு மனப்பாடம். 1876-இல் விக்காம் பிரேசிலிலிருந்து விதை கொண்டுபோனது, மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தது, மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் வெட்டுமுறையை ரிட்லி வகுத்தது எல்லாம் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். உளிக்குக்கூட அதில் இடமுண்டு; மரத்தில் தொங்கிய கோப்பைக்கு இல்லை. ரந்தாவ், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழர் அதை மங்கு என்றார்கள். மலாய் மங்கோக் நம் வாயில் தேய்ந்தது. விடியுமுன் தமிழர் கையில் ஏறிய இந்தக் கோப்பையைத் தமிழர் வனையவில்லை. அதற்குக் காரணம் தோட்டம் ஆளெடுத்த முறை என்பதே என் முடிவு.

மரத்துக்கொரு மங்கு வேண்டும். ஏக்கருக்கு நூறு மரம் என்று வைத்தாலே ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு லட்சம் மங்கு. உடைவதற்கு ஈடு தனி. தகரம் மலிவு, ஆனால் துருப்பிடிக்கும், துரு பாலைக் கறுப்பாக்கும். தேங்காய்ச் சிரட்டையின் சொரசொரப்பில் பால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வழவழப்பானது, கழுவ எளிது, கை தவறினால் போயிற்று. மெருகேற்றிச் சுட்ட மண் கோப்பை இவற்றுக்கு நடுவில் நின்றது. உறைந்த பால் அதிலிருந்து தோல்போல் உரிந்து வரும். அந்தக் கட்டிப்பாலும் எடைக்குப் போகும் என்பதால் மங்கு துடைக்கப் பிள்ளைகளையும் அழைத்துப்போன குடும்பங்கள் உண்டு. உட்பக்கத்து வழவழப்பு கூலியோடு சேர்ந்த சங்கதி.

லட்சக்கணக்கில் ஒரே அளவில் வேண்டிய கோப்பைக்கு ஏற்றது பாரிஸ் சாந்து அச்சு. ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு ஆவியாகும். அந்தப் பொடியில் தண்ணீர் கலந்தால் மறுபடி கல்லாக இறுகும். இறுகிய சாந்து நுண்துளை நிறைந்தது. களிமண்ணின் ஈரத்தை அது உறிஞ்ச, மண் சுருங்கித் தானே கழன்று வரும். உலர்த்திவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். சூளையில் கண்ணாடி வார்ப்பவர்களும் இதே சாந்தைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே அச்சும் நெருப்புக்குள் போயாக வேண்டும். வெறும் சாந்து அந்தச் சூட்டில் பொடிந்துவிடும் என்பதால் படிகக்கல் மாவு கலக்கிறார்கள். ஒருமுறை வார்த்ததும் அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்க வேண்டும். சிலைக்கு அது சரி, ஒரு லட்சம் மங்குக்கு ஆகாது.

தீபகற்பத்துத் தோட்டங்களுக்கு மங்கு சுட்டவர்களில் முக்கியமானவர்கள் சிங்கப்பூரின் டிராகன் சூளைக்காரர்கள். மேட்டில் பாம்புபோல் நீண்டு கிடக்கும் அந்தச் சீனச் சூளைகள் விறகுத் தீயிலேயே 1,200 பாகையைத் தாண்டும். இங்கேதான் நியாயமான மறுப்பு ஒன்று எழுகிறது. நம் குயவர் மெருகில்லாத மண்பானையைக் குறைந்த சூட்டில் சுட்டவர்கள். அப்படிச் சுட்ட கோப்பை பாலை உறிஞ்சும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே இது தொழில்நுட்ப வேறுபாடுதானே, இதில் தோட்ட முறைக்கு என்ன வேலை? வேறுபாடு உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சக்கரமும் மண்ணறிவும் கடல் கடந்து வந்தே இருந்தன. கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்யும் தமிழ்க் குடும்பங்களே சாட்சி. மண்ணறிந்தவன் மெருகையும் பெருந்தீயையும் பழகிக்கொள்ளலாம். பழக இடம், முதல், விறகு, சொந்த நேரம் வேண்டும். 1910-இல் ஒப்பந்தக் கூலி ஒழிந்த பிறகும், 1938-இல் இந்தியா ஆளனுப்புவதைத் தடுக்கும்வரை, கங்காணி ஊரில் தேடியது வெட்டவும் சுமக்கவும் கைகளை. ஆளெடுப்பின் கண்ணில் குயவனும் உழவனும் ஒன்று. வந்தவர் லயத்தில் குடியேறி, விடியலில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மர நிரைக்குப் போனார். முன்னூறு, நானூறு மரம் வெட்டிப் பாலும் சேர்த்தவருக்கு மிச்ச நாள் எங்கே? சீனச் சூளைகள் உறவுக்குள்ளேயே தொழிலை வைத்திருந்ததும் ஒரு தடைதான். ஆனால் தோட்டத்துக்குள் அடைபட்டவர் அந்தக் கதவுவரை போகவே இல்லை.

பிறகு பிளாஸ்டிக் கோப்பை வந்தது, பல தோட்டங்களில் ரப்பரே போய்ச் செம்பனை வந்தது. சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் டிராகன் சூளைகள் இரண்டு, 1940-இல் கட்டிய தோ குவாங், 1958-இல் கட்டிய குவான் ஹுவாட். முன்பு ரப்பர்ப்பால் கோப்பை சுட்ட தோ குவாங்குக்கு இன்று கலைஞர்கள் தங்கள் மண் படைப்புகளைச் சுட வருகிறார்கள்.