நோயாளியை வினாவுதல்: கொம்பனித்தெருவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு எழுதியோர் மருந்துகளையும் கருவிகளையும் பற்றி எழுதிய அளவிற்கு, வைத்தியர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியைப் பற்றி எழுதினாரல்லர். கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. யார் கேட்கிறார், எம்மொழியிற் கேட்கிறார், விடை முடியுமட்டும் பொறுத்திருக்கிறாரா என்பனவெல்லாம் சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவன. இதனை நோக்குவதற்குக் கொழும்புக் கொம்பனித்தெரு பொருத்தமானதொரு களம். ஒல்லாந்தர் தம் அடிமைகளை வைத்திருந்த இடமாதலின் ஆங்கிலேயர் இதனை அடிமைத்தீவு என்றே வழங்கினர். தமிழ்ப் பெயரோ கொம்பனியை நினைவூட்டுகின்றது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் நெருங்கி வாழ்ந்துவந்த இப்பகுதியில், நோயாளியின் வீட்டுமொழியும் வைத்தியரின் மொழியும் ஒன்றாக அமைதல் தற்செயலேயாகும்.

வினாவுதலின் முக்கியத்துவத்தைப் பண்டையோர் அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டளவில் வாழ்ந்த எபேசு நகரத்து ரூபசு என்னும் கிரேக்க வைத்தியர் இது குறித்துத் தனி நூலே எழுதினார். ஆயுர்வேதம் காண்டல், தொடல், வினாவல் எனச் சோதனையை மூன்றாகப் பகுத்தது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் 'மொழி' இடம்பெறுகின்றது. ஆயினும் ஈண்டு மொழி என்றது பெரும்பாலும் நோயாளியின் குரற்றன்மையையேயன்றி, அவன் கூறும் செய்தியை அன்று. நாடியைப் பிடித்த மாத்திரத்தே யாவையுஞ் சொல்லிவிடும் வைத்தியருக்குச் சனங்கள் அளித்த பெருமதிப்பு, கேள்வி கேட்பதை அறியாமையின் அடையாளமாக்கியதோ என நாம் ஐயுறுகின்றோம்.

மேனாட்டு மருத்துவத்திலும் இத்தகையதொரு திருப்பம் நேர்ந்தது. 1816இல் லெனெக் ஸ்டெதஸ்கோப்பை ஆக்கியதன்பின், நோயாளியின் சொல்லினும் அவனுடைய நெஞ்சின் ஒலி நம்பத்தக்கதாயிற்று. 1870இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. ஆகவே இங்கு உருவான வைத்தியர், நோயாளியிடமிருந்து கருவியால் மட்டுமன்றி மொழியாலும் வர்க்கத்தாலும் விலகி நின்றார்.

இதற்கு மாறானதொரு முயற்சி வடக்கில் நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமம் வைத்தியரின்றியே கிடந்தது. 1862இல் இரண்டாம் முறை வந்தபின் அவர் தமிழிற் கற்பிக்கத் தலைப்பட்டார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலாய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழாயின. அவர் 1873இல் நாடு திரும்பினார். சமயப் பரப்பல் அவர் நோக்கத்துள் அடங்கியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் உடலைப் பற்றித் தமிழிற் சிந்திக்கும் வைத்தியனே தமிழில் நோயை விசாரிக்க வல்லவன் என்பது அவர் பணியினால் நிறுவப்பட்டது. அம்முயற்சி கொழும்பிற்குப் பரவவில்லை.

பரவியிருப்பினும் கொம்பனித்தெருவில் அது மட்டும் போதியதாகியிராது. தமிழ் அங்கு ஒரு தமிழன்று. 'வருத்தம்' என்பது யாழ்ப்பாணத்தார்க்கு நோய், தமிழகத்தார்க்கு மனத்துயர். ஒருவர் 'நோ' என்பதை மற்றவர் 'வலி' என்பர். 'சத்தி' என்ற சொல்லுக்கு வாந்தி எனப் பொருள்கொள்ளாத வைத்தியர், உடலின் சக்தி பற்றிப் பேசுவதாக விளங்கிக்கொள்ளவும் கூடும். நோயாளி சொல்லும் சொல்லையே திருப்பிச் சொல்லி, 'அப்படியென்றால் என்ன செய்கிறது?' எனக் கேட்டறிதலே இதற்கு வழி. அதற்கு நேரம் வேண்டும்.

நேரம் வீணாகின்றது என்ற வாதம் ஆய்வின் முன் நிற்பதில்லை. 1975இற் பிரித்தானியாவில் ஹாம்ப்டன் குழுவினர் புதிய வெளிநோயாளர் 80 பேரை ஆராய்ந்தபோது, 66 பேரின் நோயை வரலாறு கேட்ட மாத்திரத்திலேயே சரியாக நிர்ணயிக்க முடிந்தது. ஆயினும் 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் ஆகியோர் 74 சந்திப்புகளை ஆராய்ந்து, வைத்தியர் சராசரி 18 செக்கனில் நோயாளியின் பேச்சை இடைமறித்தனர் எனக் கண்டனர். இருவரும் ஒரே மொழி பேசும்போதே நிலைமை இதுவாயின், மொழிபெயர்த்துக் கேட்கும் இடத்தில் எஞ்சுவது எவ்வளவு?

1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழ் நோயாளியின் சொல்லை அரச வைத்தியசாலையில் மேலும் வலுவிழக்கச் செய்தது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் மருத்துவக் கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. நோயாளி எவரும் ஆங்கிலத்தில் இருமுவதில்லை. உரைபெயர்ப்பாளர் இல்லாதவிடத்து அப்பணியைச் சிற்றூழியரோ, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ, உடன்வந்த பிள்ளையோ செய்ய நேருகின்றது. தாயின் மாதவிடாய்க் கோளாற்றைப் பத்து வயது மகன் வைத்தியருக்குச் சிங்களத்தில் எடுத்துரைக்க வேண்டியிருப்பின், தாய் அதனை அவனிடம் சொல்வதில்லை. துண்டில் தலையிடி என்று மட்டும் எழுதப்படுகின்றது.