தன்கதிர்ப்பதிவு: ஒரு முறையின் வரலாறும் அதற்குரிய தமிழ்ச்சொல்லும்

அறிவியல் முறையொன்றின் பெயரைத் தமிழாக்க முற்படுவோர் பெரும்பாலும் அப்பெயரின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிகரான சொல்லைத் தேடுகின்றனர். அம்முறை எவ்வாறு தோன்றியது, எதைக் காட்டப் பயன்பட்டது என்று நோக்குவோர் சிலரே. ஆட்டோரேடியோகிராபி என்னும் முறையின் வரலாற்றை, பெங்களூரோடு தொடர்புடைய ஆய்வாளர் இருவரின் பணியை நடுவாகக் கொண்டு நோக்கி, அவ்வரலாறு கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நிழலும் பதிவும்

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே, கருந்தாளில் பொதிந்த ஒளிப்படத் தகட்டினை யுரேனிய உப்பு கருமையாக்குவதைப் பெக்கெரல் கண்டார். இரண்டிலும் தகட்டில் தடம் விழுகிறது. ஆயினும் தடத்தின் இயல்பு வேறு. எக்ஸ் கதிர்ப் படத்தில் கதிர் புறத்திலிருந்து வருகிறது. உடல் அதனைத் தடுக்கிறது. தகட்டில் விழுவது உடலின் நிழல். பெக்கெரலின் தகட்டிலோ பொருளே கதிரை உமிழ்ந்து தன் இருப்பைப் பதிக்கிறது.

இந்த இரண்டாம் இயல்பே உயிரியலுக்குப் பயன்பட்டது. 1924இல் பிரான்சில் லக்கசானும் லாட்டேயும் விலங்குகளின் உடலில் பொலோனியத்தைச் செலுத்தி, உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கித் தகட்டின்மேல் வைத்து, அப்பொருள் எங்குத் தங்கியது என்பதைக் கண்டனர். டிரிட்டியம் ஏற்றிய தைமிடினை அவரை இனச் செடியின் வேர்நுனிகளுக்கு ஊட்டி, குரோமோசோம்கள் இரட்டிக்கும் முறையை டெய்லரும் உடன் உழைத்தோரும் 1957இல் விளக்கினர். இம்முறை இந்திய ஆய்வாளர்களாலும் விரைவில் கையாளப்பட்டது. டிரிட்டியம் ஏற்றிய யூரிடினின் துணைகொண்டு, ஆண் பழ ஈயின் ஒற்றை எக்ஸ் குரோமோசோம் பெண்ணின் இரண்டிற்கும் ஈடாக உழைப்பதை 1965இல் ஏ. எஸ். முகர்ஜியும் ஜெர்மானியரான பீர்மனும் வெளியிட்டனர். அவ்வாய்வைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் லகோதியாவும் முகர்ஜியும் தொடர்ந்தனர்.

2. மணத்தின் தடம்

ஒபைத் சித்திகி 1962இல் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். கென்யாவில் பிறந்து டப்ளினில் பயின்ற வெரோனிகா ரோட்ரிக்ஸ், அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்ய மும்பை வந்தார். பழ ஈயின் வேதிப்புலன் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் 1978இல் வெளிவந்தது. பின்னர் சித்திகியின் முயற்சியால் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உருவாயிற்று. ரோட்ரிக்ஸும் அங்குப் பணியாற்றினார். அவர் 2010இலும் சித்திகி 2013இலும் மறைந்தனர்.

நமக்கு வேண்டுவது, இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு. ஓர் ஈ ஒரு மணத்தை முகரும்போது அதன் மூளையில் எப்பகுதி உழைக்கிறது? இதனை அறிய ரோட்ரிக்ஸும் எரிக் புக்னரும் டிரிட்டியம் ஏற்றிய டிஆக்சிகுளுக்கோசைப் பயன்படுத்தி, முடிவை 1984இல் வெளியிட்டனர். எலியின் மூளையைக் கொண்டு சோகோலோவ் குழுவினர் 1977இல் விளக்கிய முறை இதற்கு அடிப்படை. உழைக்கும் நரம்பணு மிகுதியாகச் சர்க்கரையை உறிஞ்சும். டிஆக்சிகுளுக்கோசையும் அது சர்க்கரை என்றே ஏற்கும். ஆனால் முதற்படி மாற்றத்திற்குப்பின் அதனை மேற்கொண்டு செரிக்க இயலாமையால், அப்பொருள் அணுவினுள் சிக்கிவிடும்.

எலிக்குக் கார்பன்-14 போதுமானதாயிற்று. பழ ஈயின் மூளையோ ஒரு மில்லிமீட்டர் அகலமும் இல்லாதது. டிரிட்டியம் உமிழும் எலெக்ட்ரான்கள் திசுவில் சில மைக்ரோமீட்டர்களுக்குமேல் செல்லா. ஆதலின் தடம் பரந்து மங்காமல் நுண்ணிய இடத்திலேயே விழுகிறது. இருளில் நெடுநாள் வைத்துத் துலக்கிய பின், வெள்ளித் துகள்கள் செறிந்த இடமே உழைத்த இடம் எனக் கொள்ளப்படும். வெவ்வேறு மணங்கள் உணர்கொம்பு மடலின் வெவ்வேறு நரம்பு முடிச்சுகளைத் தூண்டுகின்றன என்பதை ரோட்ரிக்ஸ் 1988இல் விரிவாகக் காட்டினார். மணம் மூளையில் இடமாகக் குறிக்கப்படுகிறது என்பது இதன் பொருள். பழ ஈயின் மண ஏற்பி மரபணுக்கள் 1999இல்தான் கண்டறியப்பட்டன என்பது கருதத்தக்கது.

3. சொல்லின் தேவை

மேற்கூறிய வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, முன்னொட்டின் பொருள். ஆட்டோ என்பதைத் தானியங்கி எனக் கொண்டு தானியங்கிக் கதிர்ப்படவியல் என்று ஆக்கினால், பொறி தானே எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படம் என்றே படிப்பவர் கொள்வர். இங்குத் தானாக இயங்குவது எதுவுமில்லை. கதிர் பொருளின் சொந்தக் கதிர் என்பதே கருத்து. ஆங்கிலத்திலேயே ரேடியோஆட்டோகிராபி என உறுப்புகளை முன்பின்னாக மாற்றிய வடிவமும் ஆய்வாளரிடையே வழங்கியது. எவ்வுறுப்பு எதனைத் தழுவுகிறது என்னும் ஐயம் மூலமொழியிலும் இருந்ததற்கு இது சான்று.

இரண்டாவது, படமா பதிவா என்பது. படம் என்பது ஒன்றன் உருவைக் காட்டுவது. ஈயின் மூளையில் கிடைத்ததோ, குறிப்பிட்ட காலத்தில் அங்கு நிகழ்ந்த உழைப்பின் எச்சம். ஆதலின் பதிவு என்பதே பொருந்தும். தன்கதிர்ப்பதிவு என்னும் தொடரைத் தன்கதிர், பதிவு எனப் பிரித்தால், தன் கதிரால் ஆகிய பதிவு என மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகப் பொருள் தெளிவாகிறது.

மூன்றாவது, உடன்வரும் சொற்கள். எக்ஸ்போஷர் என்னும் ஒரே சொல் இத்துறையில் மூன்று இடங்களில் வரும்: ஈ மணத்திற்கு ஆட்படுதல், தகடு சீவலோடு இருளில் வைக்கப்படுதல், மனிதர் கதிர்வீச்சுக்கு உள்ளாதல். மூன்றையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தல் என்று பெயர்த்தால், தகடு மூன்று வாரம் வைக்கப்பட்டது என்னும் செய்தி, விலங்கு மூன்று வாரம் கதிர்வீச்சில் வாட்டப்பட்டது என மாறிவிடும். இது நடைப்பிழை அன்று, பொருட்பிழை. மணமூட்டல், தகட்டில் பதியவிடல், கதிர்வீச்சுக்கு உள்ளாதல் என மூன்றாகப் பிரித்து வழங்குதல் வேண்டும்.

நரம்புகளின் உழைப்பை உயிருள்ள மூளையிலேயே காண ஒளிரும் புரதங்கள் இன்று பயன்படுகின்றன. ஆதலின் ஈயின் மூளையாய்வில் பழைய முறை பெரிதும் பின்தங்கிவிட்டது. எனினும் புதிய மருந்துகள் உடலில் எங்குச் சேர்கின்றன என்று அறியும் ஆய்வுகளில் தன்கதிர்ப்பதிவு இன்றும் வழக்கிலுள்ளது. மருந்தாய்வு அறிக்கைகளைத் தமிழாக்க நேரும்போது இச்சொற்கள் தேவைப்படும். அப்போது அகராதியை நாடுமுன், கதிர் எங்கிருந்து வருகிறது, தடம் எதனைக் காட்டுகிறது என்னும் இரு வினாக்களையும் மொழிபெயர்ப்பாளர் எழுப்பிக்கொள்வது நலம்.